படம் போனில் இருக்கிறது, ஆப்பில் இல்லை: ஒரு கேமரா புகாரின் நிகழ்வு ஆய்வு

வீட்டுக் கடன் கேட்பவரின் வீட்டை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும் வேலையைக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் வெளி ஏஜென்சிகளிடம் விட்டுவிடுகின்றன. கொங்குப் பகுதியில் இயங்கும் அப்படியொரு ஏஜென்சியின் கள ஊழியர்கள் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு ஆப் பற்றியது இந்த ஆய்வு. ஊழியர் வீட்டுக்குப் போகிறார். ஆப்பில் படிவத்தைத் திறந்து பெயர், விலாசம், அக்கம்பக்கத்தில் விசாரித்த விவரம் எல்லாவற்றையும் நிரப்புகிறார். அப்புறம் வரிசையாகப் படம் எடுக்கிறார்: வீட்டின் முகப்பு, கதவு எண், ஈபி மீட்டர், உள்ளே கூடம், கடைசியில் அடையாள அட்டை. ஐந்தும் சேர்ந்தால்தான் படிவம் முடிந்ததாகக் கணக்கு. முடிந்த படிவத்துக்குத்தான் ஊழியருக்குக் காசு.

புகார்ப் பதிவேட்டில் இருந்ததெல்லாம் ஒரே வாசகம்: "கேமரா ஒர்க் ஆகவில்லை." ஊர் வேறு, போன் வேறு, ஆள் வேறு, வாசகம் மட்டும் மாறவில்லை. உதவி மையத்தின் பதிலும் மாறவில்லை. போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், கேமரா அனுமதியை எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள், அதுவும் சரிப்படவில்லை என்றால் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். ரீஸ்டார்ட் செய்தவர்களுக்கு அன்றைக்கு ஓரளவு ஓடியது, மறுநாள் பழையபடி ஆனது. அதனால் "அவ்வப்போது வரும் கோளாறு" என்று பெயர் வைத்து, புகாரை முடித்துவிட்டார்கள்.

இதற்குள் அலுவலகத்தில் இன்னொரு பேச்சு கிளம்பியிருந்தது. சில ஊழியர்கள் வீட்டுக்கே போகாமல் போனதாகச் சொல்லி, படம் இல்லாததற்குக் கேமராவைச் சாக்காகக் காட்டுகிறார்கள் என்ற சந்தேகம். ஆப் செய்து கொடுத்த குழு என்னைக் கூப்பிட்ட நேரத்தில் இந்தச் சந்தேகம் சம்பளப் பிடித்தம் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது. மென்பொருள் கோளாறு ஒரு மனிதரின் நேர்மைமேல் பழியாக விழும்போது, அதைக் கண்டுபிடிப்பதில் ஒரு நாள் தாமதம்கூடச் சின்ன விஷயம் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி

பதிவேட்டை மூடிவிட்டு, புகார் கொடுத்தவர்களிடம் நேரடியாகப் பேசினேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் வேலை பார்க்கும், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சொன்னது எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. "கேமரா நல்லா தாங்க ஓப்பன் ஆகுது தம்பி. போட்டோவும் எடுக்குது. கீழ வர்ற டிக்கை அமுக்குனா, ஆப்பு மொதப் பக்கத்துக்குப் போயிருதுங்க. அடிச்சு வெச்ச பேரு, விலாசம் எல்லாம் போயிருது."

"கேலரியில அந்தப் படம் இருக்குங்களா அண்ணா?"

"இருக்குங்களே. ஆப்புலதான் இல்லை."

இந்த உரையாடலில் கேமரா முழுக்க விடுதலை ஆகிவிட்டது. திறந்திருக்கிறது, எடுத்திருக்கிறது, சேமித்தும் இருக்கிறது. பிரச்சினை, கேமரா வேலையை முடித்துவிட்டு ஆப்பிடம் திரும்பி வரும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. அதோடு, இரண்டாவது தகவல் இன்னும் முக்கியமானது: அடித்து வைத்த எழுத்தும் போய்விடுகிறது. கேமரா மட்டும் கெட்டிருந்தால் படிவத்தில் தட்டச்சு செய்த பெயர் எதற்காகக் காணாமல் போக வேண்டும்?

"கேமரா ஒர்க் ஆகவில்லை" என்று ஒருவர் சொன்னால், அதில் குறைந்தது நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். கேமரா திறக்கவே இல்லையா, திறந்து கறுப்பாக நிற்கிறதா, படம் எடுத்த பின் ஆப் மூடுகிறதா, ஆப் திரும்பி வந்தும் படம் இல்லையா, படம் வந்தும் சாய்ந்து கிடக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எந்தத் திரைக்குப் பிறகு எந்தத் திரை வந்தது என்று கேட்காமல் லாக்கை, அதாவது போன் தானே எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவை, திறப்பது வீண் வேலை.

போனுக்குள்ளே கிடந்த கோப்புகள்

இந்த ஆப்புக்கென்று தனிக் கேமராத் திரை கிடையாது. ஆண்ட்ராய்டில் "இமேஜ் கேப்சர்" என்றொரு இன்டென்ட், அதாவது இன்னொரு ஆப்பிடம் வேலை கேட்கும் கோரிக்கை, உண்டு. அதை அனுப்பினால் போனிலேயே இருக்கும் கேமரா ஆப் திறந்து, படம் எடுத்துக் கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளும். எளிமையான வழி, பல ஆப்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. இதில் ஒரு நுணுக்கம்: படத்தை எங்கே எழுத வேண்டும் என்று முகவரி கொடுக்காவிட்டால் கேமரா ஒரு சின்ன மாதிரிப் படத்தை மட்டுமே திருப்பித் தரும். முழுப் படம் வேண்டுமென்றால் ஆப் முன்கூட்டியே ஒரு காலிக் கோப்பை உருவாக்கி, அதன் முகவரியை ஃபைல் புரொவைடர் (பிற ஆப்புக்குக் கோப்பைப் பாதுகாப்பாகத் திறந்துவிடும் ஏற்பாடு) வழியாகக் கேமராவிடம் கொடுக்க வேண்டும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் நேரடிக் கோப்பு முகவரியை வேறு ஆப்புக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தால் ஆப் விழுந்துவிடும், அதாவது கிராஷ் ஆகிவிடும். இந்த ஆப்பில் அது சரியாகவே செய்யப்பட்டிருந்தது.

அதாவது நடப்பது இவ்வளவுதான். மாவு மில்லில் பாத்திரத்தை வைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிற மாதிரி, ஆப் காலிக் கோப்பைக் கேமராவிடம் வைத்துவிட்டு, எந்தக் கோப்பு என்ற பெயரைத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. கேமரா முடிந்ததும் "ஆயிற்று" என்ற ஒரு சைகை மட்டும்தான் திரும்பி வரும். படம் அதோடு வராது. எந்தக் கோப்பு என்பதை ஆப்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உடுமலைப்பேட்டைக்காரரின் போனைக் கேபிளில் இணைத்து, கணினியிலிருந்து போனைக் கையாளும் ஏடிபி என்ற கருவி வழியாக ஆப்பின் சொந்தப் படக் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் இருந்தன. சில கோப்புகள் 0 பைட். கேமராவைத் திறந்துவிட்டு எடுக்காமல் திரும்பியபோது மிஞ்சியவை அவை. மற்றவை மூன்று, நான்கு எம்பி அளவுள்ள முழுப் படங்கள். திறந்தால் வீட்டு முகப்பு, ஈபி மீட்டர், கதவு எண் எல்லாம் தெளிவாக இருந்தன. ஆனால் ஆப்பின் தரவுத்தளத்தில் அந்தக் கோப்புகளின் பெயர் எங்கேயும் இல்லை. யாரும் உரிமை கோராத படங்கள். "போகவே இல்லை" என்று அலுவலகம் சொன்ன வீடுகள் அதில் இருந்தன, அவர் போனதாகச் சொன்ன நாளிலும் நேரத்திலும்.

அந்தப் பட்டியலை அன்றே அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னேன். கோளாறுக்குக் காரணம் பிறகு வரட்டும், ஊழியர்மேல் இருந்த சந்தேகம் முதலில் நீங்கட்டும் என்று.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்ற அறிவுரை எவ்வளவு கெடுதல் செய்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. ஆப்பை அழித்தால் அதன் சொந்தக் கோப்புறையையும் ஆண்ட்ராய்டு அழித்துவிடும். அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தவர்களின் போனில் சாட்சியே மிஞ்சவில்லை. சொல்பேச்சு கேட்டவர்களுக்குத்தான் நஷ்டம். உதவி மையங்களில் முதல் வரியாகச் சொல்லப்படும் இந்த யோசனையை, கோப்புகளைக் கையாளும் எந்த ஆப்புக்கும் கடைசி வரியாகக்கூட வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆப்பைக் கொன்றது யார்

கோப்பின் பெயரை ஆப் ஏன் மறந்தது? ஏனென்றால் திரும்பி வந்தது பழைய ஆப் இல்லை.

ஊழியர்களிடம் இருந்தவை 2 அல்லது 3 ஜிபி ரேம் உள்ள போன்கள். கேமரா ஆப் திறந்தால் நினைவகத்தை வாரி எடுத்துக்கொள்ளும். ஹெச்டிஆர் (வெளிச்சமும் நிழலும் ஒருசேரத் தெளிவாக விழும் முறை) இருந்தால் ஒரே படத்துக்குப் பல சட்டகங்களை எடுத்து ஒன்று சேர்க்க வேண்டும், அதற்கு இன்னும் இடம் வேண்டும். இடம் போதாவிட்டால் ஆண்ட்ராய்டு பின்னணியில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கொல்லும். யாரை முதலில் கொல்வது என்பதற்கு ஒவ்வொரு செயல்முறைக்கும் (ரேமில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புக்கும்) ஒரு மதிப்பெண் உண்டு. திரையில் இருக்கும் ஆப்புக்கு 0. சற்று முன்பு திரையில் இருந்து இப்போது பின்னால் போன ஆப்புக்கு 700. சும்மா தேங்கிக் கிடப்பவற்றுக்கு 900-உம் அதற்கு மேலும். எண் கூடியவர் முதலில் போவார். கேமரா திறந்ததும் நம் ஆப் 700-க்குப் போய்விடுகிறது. தேங்கிக் கிடந்தவற்றை எல்லாம் கொன்றும் இடம் போதவில்லை என்றால் அடுத்த பலி அதுதான்.

சோதனை போனை வாட்ஸ்அப், மேப், பிரவுசர் எல்லாம் திறந்து வைத்து நிரப்பிவிட்டு, லாக்கைப் பார்த்துக்கொண்டே படம் எடுத்தேன். கேமரா திறந்து, ஷட்டரை அழுத்தி, படம் தயாராகிற இடைவெளியில் அந்த வரி வந்தது: லோ மெமரி கில்லர் நம் ஆப்பின் பெயரைச் சொல்லி, மதிப்பெண் 700 என்று குறிப்பிட்டு, கொன்றுவிட்டதாகச் சொன்னது. திரையில் எதுவும் தெரியவில்லை. கேமரா சாதாரணமாகப் படத்தைக் காட்டி, டிக் குறியைக் காட்டியது. டிக்கை அழுத்தியதும் ஆண்ட்ராய்டு நம் ஆப்பைப் புதிதாகத் தொடங்கி, படிவத் திரையை மறுபடி உருவாக்கி, "ஆயிற்று" சைகையைக் கையில் கொடுத்தது. புதிதாகப் பிறந்த அந்தத் திரைக்குக் கோப்பின் பெயரும் தெரியாது, படிவமும் தெரியாது.

நிரலில் ஒரு வரி இருந்தது: படிவம் காலியாக இருந்தால் திரையை மூடிவிட்டு முகப்புக்குப் போ. யாரோ நல்லெண்ணத்தில் சேர்த்த பாதுகாப்பு வரி. அந்த வரி இல்லாதிருந்தால் ஆப் அங்கேயே விழுந்து, கிராஷ் அறிக்கையில் பதிவாகி, முதல் வாரமே கவனத்துக்கு வந்திருக்கும். நினைவகம் போதாமல் கொல்லப்படுவது கிராஷ் கணக்கில் வராது. விழ வேண்டிய இடத்தில் அந்த வரி விழவிடவில்லை. கிராஷ் பலகை பச்சையாகவே இருந்தது, குழுவும் அதை நம்பியது. ரீஸ்டார்ட் செய்த அன்று மட்டும் ஓடியதற்கும் விடை கிடைத்துவிட்டது: ரேம் காலியாக இருந்த வரை ஆப் பிழைத்தது.

ஆண்ட்ராய்டு 11 முதல், ஆப் கடைசியாக ஏன் செத்தது என்பதை ஆப்பே அடுத்த முறை திறக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்ளிகேஷன் எக்ஸிட் இன்ஃபோ என்று பெயர். நினைவகக் குறைவு என்று தனிக் காரணமாகவே அதில் வரும். சில போன்களில் அந்த வசதி முழுதாக இருக்காது, அங்கே சிக்னல் 9 (உடனே கொல்லும் கட்டளை) வாங்கிச் செத்தது என்று மட்டும் வரும், அதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இதை ஆப்பில் சேர்த்து, கேமரா திறந்திருந்த நேரத்தில் செத்த நிகழ்வுகளைத் தனியாகப் பதியச் செய்தோம். களத்திலிருந்து வந்த பதிவுகள், சோதனை மேஜையில் பார்த்ததையே உறுதி செய்தன.

பாதித் திருத்தம்

நான் வருவதற்கு முன்பே குழு ஒருமுறை இதைத் திருத்தப் பார்த்திருந்தது. அது ஏன் பலிக்கவில்லை என்பதை விரிவாகச் சொல்வது நல்லது. ஏனென்றால் பலர் இதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

போன் செட்டிங்ஸில் நிரலாளர்களுக்கென இருக்கும் டெவலப்பர் ஆப்ஷனில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" என்றொரு பொத்தான் உண்டு. அதைப் போட்டுவிட்டால், ஒரு திரையை விட்டு நகர்ந்தவுடன் அந்தத் திரை அழிக்கப்படும். குழு அதைப் போட்டுச் சோதித்தது, கோளாறு அப்படியே வந்தது. உடனே கோப்பின் பெயரையும் படிவத்தையும் திரையிலிருந்து எடுத்து, ஆப் முழுவதற்கும் பொதுவான ஒரு சிங்கிள்டனில் வைத்தார்கள். மறுபடி சோதித்தார்கள், சரியாக ஓடியது. வெளியிட்டார்கள். களத்தில் எதுவும் மாறவில்லை.

காரணம், அந்தப் பொத்தான் திரையைத்தான் அழிக்கிறது, செயல்முறையை அழிப்பதில்லை. சிங்கிள்டன் செயல்முறையோடு வாழ்ந்து செயல்முறையோடு சாகும். களத்தில் செத்தது செயல்முறையே. திரைக்கான தகவலை வைத்திருக்கும் வியூமாடல் என்ற நிரல் பகுதியில் வைத்தாலும் இதே கதைதான். திரையைச் சுழற்றினால் தாங்கும், செயல்முறை செத்தால் தாங்காது.

சரியான சோதனை இது: ஆப்பிலிருந்து கேமராவைத் திறக்க வேண்டும். கேமரா திரையில் இருக்கும்போதே, கணினியிலிருந்து ஏடிபி வழியாக "ஏஎம் கில்" கட்டளையில் நம் ஆப்பின் பேக்கேஜ் பெயரைக் கொடுத்துக் கொல்ல வேண்டும். பிறகு படம் எடுத்து டிக் அழுத்த வேண்டும். 2 ஜிபி போனைத் தேடி அலைய வேண்டாம், 12 ஜிபி போனிலும் கோளாறு ஒவ்வொரு முறையும் வரும். இந்தச் சோதனை கையில் கிடைத்த பிறகு குழுவின் பேச்சே மாறியது. அதுவரை "என் போனில் வருவதில்லையே" என்றிருந்தவர்கள், தங்கள் மேஜையிலேயே அதை வரவழைத்துப் பார்த்தார்கள்.

நினைவில் வைக்காமல் எழுதி வைப்பது

திருத்தத்தின் அடிப்படை ஒன்றுதான்: கேமராவைத் திறப்பதற்கு முன்பே, நடக்கப் போவதை வட்டில் எழுதி வைத்துவிடுவது. தரவுத்தளத்தில் ஒரு புது வரிசை: எந்தப் படிவம், எந்த இடத்துக்கான படம், எந்தக் கோப்பு, நிலை "காத்திருக்கிறது". அதற்குப் பிறகுதான் கேமரா.

திரும்பி வரும்போது இரண்டு வழிகள் உண்டு. ஆப் உயிரோடு இருந்தால் வழக்கமான பாதை. செத்துப் பிறந்திருந்தால், படிவத் திரை தன் படிவ எண்ணை, திரைக்காக ஆண்ட்ராய்டு பாதுகாத்து வைக்கும் சேவ்ட் ஸ்டேட் வழியாகத் திரும்பப் பெற்று, தரவுத்தளத்திலிருந்து படிவத்தை எடுத்துக்கொள்கிறது. சேவ்ட் ஸ்டேட்டில் எண்ணை மட்டும் வைப்பது முக்கியம். படத்தையே அதில் திணித்தால், செயல்முறைகளுக்கு நடுவே தகவல் கடத்தும் பைண்டரின் இடம் சுமார் 1 எம்பிதான் என்பதால் ஆப் விழும். கேமராவைத் திறந்து அதன் முடிவைப் பெறும் லாஞ்சர் என்ற நிரல் பகுதியைத் திரை உருவாகும்போதே, நிபந்தனை எதுவும் இல்லாமல் பதிவு செய்தோம். பொத்தானை அழுத்தும்போது பதிவு செய்தால், மறுபிறவி எடுத்த திரையில் சைகையை வாங்க ஆள் இருக்காது.

இவை இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தோம். ஊழியர் எரிச்சலில் எல்லா ஆப்பையும் தள்ளி மூடிவிட்டால், சைகையே வராது. அதனால் ஆப் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் "காத்திருக்கிறது" என்ற வரிசைகளைப் பார்க்கிறது. கோப்பு 0 பைட்டைவிடப் பெரிதாக இருந்து, முழுப் படமாகத் திறக்க முடிந்தால், அதை உரிய இடத்தில் சேர்த்துவிட்டு, "இந்தப் படம் மீட்கப்பட்டது, சரிபார்க்கவும்" என்று காட்டுகிறது. தட்டச்சு செய்த எழுத்தும் ஒவ்வொரு கட்டத்தை விட்டு நகரும்போதும் வரைவாகச் சேமிக்கப்படுகிறது. படம் போனது பெரிய புகார் ஆனது; எழுத்து போனதைப் பலர் சொல்லக்கூட இல்லை, பொறுத்துக்கொண்டு மறுபடி அடித்திருக்கிறார்கள்.

0 பைட் கோப்புகளில் இன்னொரு வகையும் இருந்தது. சேமிப்பிடம் நிரம்பி வழிந்த போன்களில், படம் எடுத்த பிறகும் கோப்பு காலியாகவே கிடந்தது. கேமராவைத் திறக்கும் முன்பு மீதி இடத்தைப் பார்த்து, போதாவிட்டால் அப்போதே தெளிவான தமிழில் சொல்லும்படி செய்தோம்.

அதே வாசகத்தின் கீழே ஒளிந்திருந்த மற்றவை

பெரிய கோளாறு விலகியதும், அதன் நிழலில் இருந்தவை தெரிய ஆரம்பித்தன.

சிலருக்குக் கேமராப் பொத்தானை அழுத்தினாலே ஆப் விழுந்தது. விசாரித்தால், அலுவலக அடையாள அட்டையை க்யூஆர் வழியாக ஸ்கேன் செய்யும் வசதி வந்த பதிப்பிலிருந்துதான் இது. இமேஜ் கேப்சர் வழியில் படம் எடுக்க ஆப்புக்குக் கேமரா அனுமதியே தேவையில்லை, எடுப்பது வேறு ஆப் என்பதால். ஆனால் ஒரு விதி உண்டு: ஆப் தன் மேனிஃபெஸ்டில் (தனக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லும் அறிவிப்புக் கோப்பில்) கேமரா அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டு, பயனர் அதைக் கொடுக்காமல் இருந்தால், ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த இன்டென்டும் மறுக்கப்படும். க்யூஆர் நூலகத்தின் (பிறர் எழுதித் தந்த ஆயத்த நிரல் தொகுப்பின்) மேனிஃபெஸ்டில் அந்த அனுமதி இருந்தது, கட்டமைக்கும்போது அது தானாக நம் மேனிஃபெஸ்டிலும் கலந்துவிட்டது. குழு எழுதாத ஒரு வரி, குழுவின் ஆப்பை விழவைத்தது. புதிய நூலகம் எதைச் சேர்த்தாலும், கலந்து முடிந்த மேனிஃபெஸ்டைத் திறந்து பார்ப்பதை இப்போது வெளியீட்டுக்கு முந்தைய கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

அனுமதி கேட்கும் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தப் பெட்டி மறுபடி வராது. ஊழியர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார், எதுவும் நடக்காது. "கேமரா ஒர்க் ஆகவில்லை" என்பதற்கு அவர் பார்வையில் இதைவிடப் பொருத்தமான விவரிப்பு இல்லை. அங்கே செட்டிங்ஸ் பக்கத்துக்கே நேராகக் கொண்டுபோய்விடும் பொத்தான் வைத்தோம். ஆண்ட்ராய்டு 12-இல் மேலிருந்து இழுக்கும் பலகையிலேயே கேமராவை மொத்தமாக அணைக்கும் சுவிட்ச் வந்திருக்கிறது. அதைத் தெரியாமல் தொட்டுவிட்டுக் கறுப்புத் திரையோடு வந்தவரும் உண்டு. அனுமதி சரியாகவே இருக்கும், படம் மட்டும் கறுப்பாக இருக்கும்.

"இந்த போனில் கேமரா ஆப் இல்லை" என்ற செய்தி வந்தவர்கள் தனி. கேமரா ஆப் கண் முன்னே இருக்கிறது, ஆப் இல்லை என்கிறது. டார்கெட் எஸ்டிகே, அதாவது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் விதிகளுக்கு ஆப் உட்படுகிறது என்ற எண்ணை, 30-க்கு (ஆண்ட்ராய்டு 11) உயர்த்திய பதிப்பில் தொடங்கியது இது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஓர் ஆப் மற்ற ஆப்களை இஷ்டத்துக்கு எட்டிப் பார்க்க முடியாது. அதனால் "இதைத் திறக்க யாராவது இருக்கிறார்களா" என்று முன்கூட்டிக் கேட்டால் யாரும் இல்லை என்ற பதில் வரும், நேராகத் திறந்தால் திறந்துவிடும். முன்கூட்டிக் கேட்கும் வரியை நீக்கிவிட்டு, திறக்க முடியாவிட்டால் வரும் பிழையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அப்புறம் சாய்ந்த வீடுகள். அலுவலகத்தில் அறிக்கையைச் சரிபார்ப்பவர்கள், சில போன்களின் படங்களில் வீடு பக்கவாட்டில் படுத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். போன் கேமராவின் சென்சார் பெரும்பாலும் போனின் நிமிர்ந்த நிலைக்கு 90 பாகை திரும்பியே பொருத்தப்பட்டிருக்கும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும், பல போன்கள் படத்தை 4000 × 3000 என்று கிடைமட்டமாகவே எழுதிவிட்டு, எக்ஸிஃப் தகவலில் (படக் கோப்போடு சேர்ந்து வரும் குறிப்புகளில்) திசை 6 என்று ஒரு குறிப்பை மட்டும் வைக்கும். 6 என்றால் பார்க்கும்போது வலப்பக்கமாக 90 பாகை திருப்பிக் காட்டு என்று பொருள். கேலரி அந்தக் குறிப்பைப் படிக்கும். ஆப்புக்குள் படத்தைத் திறந்து தரும் ஆண்ட்ராய்டின் பிட்மேப் ஃபேக்டரி படிக்காது. நம் ஆப், படத்தைச் சிறிதாக்குவதற்காகத் திறந்து, மறுபடி ஜேபெக் ஆக எழுதியது. எழுதும்போது குறிப்பு தொலைந்தது. அதற்குப் பிறகு அது எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்று கோப்பின் குறிப்பைப் படித்துச் சொல்ல எந்தக் கணினியாலும் முடியாது. சிறிதாக்குவதற்கு முன்பே எக்ஸிஃபைப் படித்து, படப்புள்ளிகளையே திருப்பி எழுதி, திசையை 1 (திருப்பத் தேவையில்லை) என்று வைத்தோம். இடக்குறிப்பும் அதே எக்ஸிஃபில்தான் இருந்தது. அதையும் கையோடு எடுத்துப் புதிய கோப்பில் வைக்க வேண்டியிருந்தது.

சிறிதாக்கும் வேலையிலேயே இன்னொரு வெடியும் இருந்தது. 12 மெகாபிக்சல் படம் கோப்பாக 4 எம்பி இருக்கலாம், ஆனால் ரேமில் விரித்தால் ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. கேமராவை 48 மெகாபிக்சல் முறையில் வைத்திருந்தால் 8000 × 6000, அதாவது 192 எம்பி. 2 ஜிபி போனில் அது நடக்காத காரியம். முழுதாக விரித்த பிறகு சிறிதாக்காமல், விரிக்கும்போதே நான்கில் ஒரு பங்கு அகல உயரத்துக்கு விரித்தால் 2000 × 1500, 12 எம்பி போதும். ஈபி மீட்டரின் எண்ணைப் படிக்க இந்த அளவு தாராளம்.

சொந்தக் கேமராத் திரை வைத்திருக்கலாமா

இந்தக் கேள்வி கூட்டத்தில் வராமல் இருக்காது. கேமராஎக்ஸ் நூலகத்தை வைத்து ஆப்புக்குள்ளேயே கேமராத் திரையைக் கட்டிவிட்டால், இன்னொரு ஆப்பிடம் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் வேலையே இல்லை, செத்துப் பிழைக்கும் சிக்கலும் வெகுவாகக் குறையும். கூகுள் இதை 2019-இல் அறிமுகம் செய்து 2021-இல் நிலையான பதிப்பாக வெளியிட்டது. ஒவ்வொரு போன் மாடலின் கோணல்களுக்கும் உள்ளேயே மாற்று வழி வைத்திருப்பது அதன் பெரிய பலம்.

ஆனால் வீட்டு முகப்பு, கூடம் போன்ற படங்களுக்குப் போனின் சொந்தக் கேமராவே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். உச்சி வெயிலில் நிழலில் இருக்கும் கதவு எண்ணைப் படிக்கும்படி எடுக்க, போன் தயாரிப்பாளர் சேர்த்த ஹெச்டிஆர் செய்யும் வேலையை நாம் கட்டும் எளிய திரை செய்யாது. ஊழியர்களுக்கும் அந்தக் கேமரா கைப்பழக்கம்.

அடையாள அட்டைக்கு மட்டும் முடிவு வேறு. உடுமலைப்பேட்டைக்காரர் "கேலரியில இருக்குங்களே" என்று சொன்னது கோளாறைக் கண்டுபிடிக்க உதவியது என்றாலும், அதே வாக்கியம் என்னைக் கலவரப்படுத்தவும் செய்தது. சில போன்களின் கேமரா ஆப், கேட்ட இடத்தில் எழுதுவதோடு கேலரியிலும் ஒரு பிரதி வைத்துவிடுகிறது. அங்கிருந்து அது ஊழியரின் சொந்த கிளவுட் கணக்குக்கும் தானாகப் போகும். கடன் கேட்டு வந்த ஒருவரின் அடையாள அட்டை, அவருக்குத் தெரியாமல் மூன்றாம் மனிதரின் போட்டோ ஆல்பத்தில் பேரப்பிள்ளை படங்களுக்கு நடுவே கிடப்பதை ஏற்க முடியாது. அட்டைப் படத்துக்கு ஆப்புக்குள்ளேயே கேமராஎக்ஸ் திரை கட்டப்பட்டது. படம் ஆப்பின் உள் சேமிப்பில் மட்டும் எழுதப்படும், அலுவலகம் பெற்றுக்கொண்டதும் நீக்கப்படும்.

பழைய படங்கள்

திருத்திய பதிப்பை வெளியிடும்போது ஒரு வேலை மீதி இருந்தது: ஊழியர்களின் போன்களில் உரிமை கோராமல் கிடந்த பழைய படங்கள். புதிய பதிப்பு முதல் முறை திறக்கும்போது கோப்புறையை அலசி, கோப்பின் நேரத்தையும் அன்றைய படிவங்களின் நேரத்தையும் ஒப்பிட்டு, பொருந்துபவற்றை ஊழியரிடம் காட்டியது. இது இந்த வீடுதானா என்று அவர் உறுதி செய்தால் மட்டுமே படிவத்தில் சேரும், தானாகச் சேராது. நிறுத்தி வைத்திருந்த படிவங்களுக்கு இதன் மூலம் பணம் கொடுக்க ஏஜென்சி ஒப்புக்கொண்டது. ஆப்பை அழித்து மறுபடி நிறுவியதால் படங்களை இழந்தவர்களுக்கும், உதவி மையம் அப்படிச் செய்யச் சொன்னதற்கான பதிவேட்டுக் குறிப்பே சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

பொருந்தாத படங்களை முப்பது நாள் வைத்திருந்து அழிக்கும்படி அமைத்தோம். உதவி மையத்தின் படிவத்தில் "பிரச்சினை என்ன" என்ற ஒற்றைக் கட்டம் போய், மூன்று கேள்விகள் வந்தன: கேமரா திறந்ததா, டிக் அழுத்திய பிறகு எந்தப் பக்கம் வந்தது, அந்தப் படம் கேலரியில் இருக்கிறதா. ஆப்பை அழிக்கச் சொல்லும் வரி நீக்கப்பட்டது.